அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் நடத்திவரும் எந்த உபாத்தியாயரிடமும் சென்று, அடிக்கடி மட்டம் போடுகிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், அவர் முதலில் அவர்களுடைய சோம்பலைப் பற்றியும், பிறகு சகவாசத்தைப் பற்றியும், கைபேசியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைச் சற்றுத் தணித்து, "வீடு சரியில்லீங்க" என்று முடித்துவிடுவார். அவருக்கு அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. எனக்கோ அங்கேதான் தொடங்குவதாகத் தோன்றுகிறது. சரியில்லாத அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், காலை எட்டு மணிக்கு அவர்களில் யார் எங்கே புறப்பட்டுப் போகிறார்கள், கைக்குழந்தையும் கிழவியும் யார் பொறுப்பில் விடப்படுகிறார்கள், வாங்கிய முன்பணம் யாருடைய உழைப்பில் கழிகிறது என்ற கேள்விகளைக் கேளாமல், பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று சீருடை அணிந்து, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்துவிட்டுப் பிறகு பஸ் நிலையத்தை நோக்கித் திரும்பிப் போவதன் காரணத்தை நாம் அறிந்துகொள்ள முடியாது.

வராத பிள்ளைக்கு நம் பள்ளிகள் சம்பிரதாயமாக விதித்துவரும் தண்டனை ஒன்று உண்டு. பிரம்படியை நான் சொல்லவில்லை; அதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடுத்திருக்கிறது. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, இல்லேன்னா கிளாஸுக்குள்ள வராதே" என்ற கட்டளையைச் சொல்கிறேன். இதைச் சொல்கிற ஆசிரியர் கொடியவர் அல்லர்; வீட்டாருக்குத் தெரியாமல் பிள்ளை கெட்டுப்போகிறதே என்ற கவலையினாலேயே பெரும்பாலும் அவர் இதைச் சொல்கிறார். ஆயினும் இந்தக் கட்டளைக்கு எந்தப் பிள்ளையால் கீழ்ப்படிய முடியும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்ப்போமானால், அது தண்டிக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு ஆதரவற்றவர்களைத் தேர்ந்தெடுத்துத் தண்டிக்கிற கட்டளை என்பது விளங்கிவிடும். மாதச் சம்பளக்காரரான தகப்பனார் ஒரு மணி நேர அனுமதி பெற்று வந்து, தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து, மகன் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைக்கு மட்டம் போடுவது ஓர் இளமை விளையாட்டாகவே முடிந்துவிடும். கட்டிட வேலைக்குப் போகிற தகப்பனுக்கோ பள்ளிக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அவர் வந்தாலும் நாற்காலி கிடைப்பது அரிது, தாம் ஐந்தாம் வகுப்போடு விட்டு ஓடிவந்த இடத்தில், தம் மகனுக்கு முன்னாலேயே, "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லையா?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நின்றுவிட்டு, அந்த அவமானத்தை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போய் மகன் முதுகில் இறக்கிவைப்பார். கேரளத்தில் வேலை செய்கிற தகப்பனும், இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்ட தகப்பனும், காலையிலேயே குடித்துவிட்டுத் திண்ணையில் கிடக்கிற தகப்பனும், இறந்துபோன தகப்பனும் வரவே மாட்டார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போவதில்லை. மூன்றாம் நாள் போனால் இரண்டு நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான்காம் நாள் மூன்று நாளுக்கு. ஒரு நாள் வராமல் இருந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. பிறகு வராமல் இருப்பதற்கு, முன்பு வராமல் இருந்ததே காரணமாகிவிடுகிறது. தெருமுனை டீக்கடையில் நிற்கிற யாரையாவது கெஞ்சிச் சித்தப்பா என்று சொல்லி அழைத்து வரும் பையன்களைப் பற்றி ஆசிரியர் அறைகளில் சிரித்துக்கொண்டு பேசுவதுண்டு. எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடிவதில்லை. வகுப்புக்குள் மீண்டும் நுழைய வேண்டும் என்ற ஆசை எவ்வளவு தீவிரமாக இருந்தால் ஒரு சிறுவன், முன்பின் தெரியாத மனிதனிடம் போய், ஒரு காலை வேளைக்கு எனக்கு உறவினனாக இரு என்று கேட்பான்!

விடுப்புக் கடிதமும் இதே ஜாதியைச் சேர்ந்த சாதனந்தான். எனக்குக் காய்ச்சலாக இருந்தமையால் என்று தொடங்கி, பெற்றோர் கையொப்பத்தில் முடிகிற அந்த நான்கு வரிகளை எழுதக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம், கூடவே, சொல்லத் தகுந்த காரணங்கள் இவை, சொல்லத் தகாதவை இவை என்ற பாடத்தையும் போதித்துவிடுகிறது. காய்ச்சலை எழுதலாம், வயிற்றுவலியை எழுதலாம், உறவினர் திருமணத்தை எழுதலாம். அம்மா வேலைக்குப் போய்விட்டதால் தம்பியைப் பார்த்துக்கொண்டேன் என்றோ, நேற்று இரவு அப்பா அடித்ததில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன் என்றோ, என்னிடமுள்ள ஒரே சீருடை காயவில்லை என்றோ எழுதிய விடுப்புக் கடிதத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கையொப்பத்தையும் தானே போட்டுவிடுகிற பிள்ளையைப் பொய்யன் என்று கண்டுபிடிப்பது சுலபம். உண்மையை எழுதுவதற்கு அந்தத் தாளில் நாம் இடம் வைக்கவில்லை என்பதைக் கண்டுகொள்வதுதான் கடினம்.

பிரான்சுவா த்ரூஃபோ 1959ஆம் ஆண்டில் எடுத்த முதல் முழுநீளப் படமான 'நானூறு அடிகள்' இந்தப் பொய்யின் பிறப்பை அசாதாரணமான பரிவோடு காட்டுகிறது. பாரிஸ் நகரத்துச் சிறுவன் ஆன்த்வான், நண்பனோடு ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல் ஊர் சுற்றுகையில், தன் தாய் வீதியில் அந்நிய ஆடவன் ஒருவனை முத்தமிடுவதைக் காண்கிறான். அவளும் அவனைக் கண்டுவிடுகிறாள். மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோக வீட்டார் எழுதிய கடிதம் வேண்டும். நண்பன் கொடுத்த பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து எழுத முயன்று, அதையும் கெடுத்துவிடுகிறான். ஏன் வரவில்லை என்று ஆசிரியர் வற்புறுத்திக் கேட்கிறபோது, "அம்மா இறந்துவிட்டாள்" என்று சொல்லிவிடுகிறான். அந்தப் பொய்க்குள் இருக்கும் மெய்யைக் கேட்க அங்கே ஆள் இல்லை. தாய் தந்தையர் பள்ளிக்கு வந்து சேர்கிறார்கள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கத் தந்தை அவன் கன்னத்தில் அறைகிறார். அன்றிரவு அவன் வீட்டுக்குப் போவதில்லை. பெற்றோரை வரவழைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிற எந்தப் பள்ளியும் இந்தக் காட்சிகளைப் பார்க்க வேண்டும்.

பாரிஸின் ஆன்த்வான் காசு கொடுத்துச் சுற்று ராட்டினம் ஏறினான். நம் பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டுப் போகிற இடம் விளையாட்டிடமாக இருப்பதில்லை. மழை ஓய்ந்ததும் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போகிறவர்கள், அடுத்த மழை தொடங்கும்வரை ஊர் திரும்புவதில்லை. முன்பணம் வாங்கியது தகப்பனாக இருந்தாலும், அறுத்துப்போட்ட கல்லின் கணக்கில்தான் அது கழியும். ஆகவே கல்லைப் புரட்டிப்போட்டுக் காயவைக்கிற பிள்ளையின் கைகளும் அந்தக் கடனை அடைக்கிற கைகளாகிவிடுகின்றன. ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் குடகின் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்தின் மிளகுத் தோட்டங்களுக்கும் போகிற குடும்பங்களின் பருவமும் ஏறக்குறைய இதுவே. தை, மாசி, பங்குனி மாதங்களில் பழம் பறிப்பு நடக்கிறது. அதே மாதங்களில் திருப்புதல் தேர்வும் பொதுத்தேர்வும் நடக்கின்றன. நம் கல்வி ஆண்டின் உச்சமும் ஏழைக் குடும்பத்தின் ஜீவன ஆண்டின் உச்சமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகிறபோது, எது தோற்கும் என்பதைச் சொல்ல ஜோதிடம் தேவையில்லை.

இந்த வயதுக்கென்றே அமைந்த துர்ப்பாக்கியம் ஒன்றும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 21அ பிரிவும் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளையே தம் கைக்குள் வைத்திருக்கின்றன; குழந்தைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று கூறுகிற 51அ பிரிவின் வாசகமும் அந்தப் பதினான்கிலேயே நின்றுவிடுகிறது. பதினான்கு நிறைந்த பிள்ளையை, அபாயகரமானவை என்று வகுக்கப்பட்ட தொழில்களைத் தவிர மற்றவற்றில் வேலைக்கு வைத்துக்கொள்ள, 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. ஊர் நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்து, உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊருக்குப் போய்விடுவதும் பல கிராமங்களில் இதே வயதில்தான். அரசு கொடுக்கிற விலையில்லாச் சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. சட்டம் கையை விடுகிறபோதே வேலைக்கு ஆள் எடுப்பவன் கையை நீட்டுகிறான், தூரமும் கூடிக்கொள்கிறது.

அதே 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு ஒன்று சேர்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது 1953ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்தது. ராஜாஜி முதலமைச்சராக இருந்து, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஏற்படுத்திய திட்டத்தை, குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுத் தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் காமராஜர் பொறுப்பேற்றதும் அதைக் கைவிட்டார். ராஜாஜியின் நோக்கத்தைப் பற்றி இன்றும் வாதங்கள் உண்டு. அவற்றுக்குள் நான் புகவில்லை. ஆனால் குழந்தையின் நாளில் ஒரு பகுதி, பிறந்த குடும்பத்தின் தொழிலுக்குச் சொந்தம் என்ற எண்ணத்தை அன்று வீதிக்கு வந்து தோற்கடித்த ஒரு சமூகம், அதே எண்ணம் மத்தியச் சட்டமொன்றின் விலக்கு விதியாக வந்தபோது அவ்வளவு பெரிதாகக் குரல் எழுப்பவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. தறிக்குழியிலும் தீப்பெட்டி ஒட்டுவதிலும் பாய் முடைவதிலும் இரவு பத்து மணிவரை உதவிய பிள்ளை காலையில் எழுந்திருக்காமல் போனால், வரவில்லை என்று பதிவேட்டில் விழுகிற குறி அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரேதான் விழும்.

பெண் பிள்ளைகள் மட்டம் போடுவதாக யாரும் சொல்வதில்லை, அவர்கள் 'நின்றுவிடுகிறார்கள்'. மூத்த பெண்ணாகப் பிறந்தவள், தாய் வேலைக்குப் போகிற அன்றெல்லாம் வீட்டில் தாயாகிவிடுகிறாள். பூப்பெய்திய பிறகு வாரக் கணக்கில் வீட்டில் இருத்தப்பட்டு, திரும்பி வருகையில் பாடத்தில் பின்தங்கிப்போகிறாள். அத்தை வீட்டில் பேச்சு நடக்கிறது என்ற செய்தி வகுப்புத் தோழிகள் மூலமாகவே ஆசிரியைக்கு எட்டுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இருபதிலிருந்து இருபத்து நான்கு வயதுவரையுள்ள பெண்களில் 100க்கு 12.8 பேர் பதினெட்டு நிறைவதற்கு முன்பே மணமானவர்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில், மூன்றாண்டு வேலைக்குப் பிறகு ஒரு மொத்தத் தொகை கல்யாணச் செலவுக்குக் கிடைக்கும் என்று சொல்லிச் சுமங்கலித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பெண்கள், தம் தகப்பனாருடைய கவலையின் விலையைத் தம் படிப்பால் கொடுத்தவர்கள்.

மதுவைப் பற்றி நீட்டிச் சொல்ல நான் விரும்பவில்லை. 2003ஆம் ஆண்டிலிருந்து சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்திவருகிறது. அந்தக் கடையின் வாசலில் விழுந்து கிடக்கிற தகப்பனைத் தூக்கி வருவதற்கு எந்த வீட்டிலும் பெரும்பாலும் மூத்த மகன்தான் அனுப்பப்படுகிறான். தூக்கி வருகையில் தன் வகுப்பு மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டால், மறுநாள் அவன் பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

குடும்பப் பின்னணி என்று நாம் சொல்வதில், குடும்பம் தானாகத் தேடிக்கொள்ளாத, பிறர் அதன்மேல் சுமத்திய பின்னணியும் அடங்கும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியுமா? பன்னிரண்டாம் வகுப்பில் படித்துவந்த தலித் மாணவன் ஒருவன் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் அவனுக்கு இழைத்துவந்த கொடுமை அப்போதுதான் வெளிப்பட்டது. அதைச் சொல்லிவிட்டான் என்பதற்காகவே இரவில் அவன் வீட்டுக்குள் புகுந்து அவனையும், தடுக்க ஓடிவந்த அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். இதையொட்டி அரசு நியமித்த முன்னாள் நீதிபதி கே. சந்துருவின் குழு, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்தச் சம்பவத்தில் பள்ளி கேள்வி கேட்டது சரியே. அந்தப் பிள்ளையின் பதில் அவன் உயிருக்கு ஆபத்தாக முடியாதபடி காப்பதற்கு ஒரு ஏற்பாடும் நம்மிடம் இல்லை என்பதே என் நெஞ்சை உறுத்துகிறது. வராமல் இருந்த அந்த நாட்களில், வருவது எவ்வளவு அபாயம் என்று எடைபோட்டிருந்தவன் அவன் ஒருவனே.

அதே 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி வந்தபோது நாடே திடுக்கிட்டது. அந்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள், கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பைத் தேர்வெழுதாமலே கடந்து வந்தவர்கள். பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் மீன்பிடிப் படகுக்கும் பனியன் கம்பெனிக்கும் கறிக்கடைக்கும் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய பெயர்கள் மட்டும் பட்டியலில் மேல் வகுப்புகளுக்கு ஏறிக்கொண்டே வந்தன. அந்தப் பிள்ளைகள் தேர்வுக் காலையில் திடீரென்று மறைந்தவர்கள் அல்லர். ஈராண்டுகளாக ஒவ்வொரு காலையும் வகுப்பறையில் காலியாக இருந்த இடங்கள், பதிவேடும் பட்டியலும் தேர்வுத்தாளும் ஒன்றாகச் சந்தித்த அன்றுதான் அரசாங்கத்தின் கண்ணில் பட்டன.

பெற்றோரைத் தண்டித்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கலாம். 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்வியைக் கட்டாயமாக்கி, வருகை அதிகாரிகளை வீடு வீடாக அனுப்பிய தேசம் அது. 2002இல், பெண்மக்கள் பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை என்பதற்காக ஒரு தாயைச் சிறைக்கே அனுப்பியது. பெற்றோர்மேல் அபராதம் விதிப்பது இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது. இருந்தும், பள்ளி நேரத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தவறவிடும் பிள்ளைகள் 2018–19இல் 100க்கு 10.9 பேராக இருந்தது, 2021–22இல் 22.5 பேராக உயர்ந்தது. பெருந்தொற்று புரட்டிப்போட்ட வீடுகளை அபராதச் சீட்டுகளால் நிமிர்த்த முடியவில்லை.

நம் நாட்டிலேயே வேறு வழியில் சென்ற அனுபவம் இருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், 1956இல் காமராஜர் மாநிலம் முழுவதற்கும் பரப்பிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், வீட்டின் கணக்கைப் புரிந்துகொண்டு அதற்குள் கைவைத்த திட்டங்கள். பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டில் ஒரு வேளைச் சோறு மிச்சம் என்பதைத் தாய்மார்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்துகொண்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு போதும். பதினைந்து வயதுப் பிள்ளையின் கணக்கு வேறு. அவன் பள்ளிக்குப் போனால் வீட்டுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். அந்த நஷ்டத்தை நேருக்கு நேர் ஈடுசெய்கிற திட்டம் நம்மிடம் இல்லை. உயர்கல்விக்குச் செல்பவர்களுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் பாராட்டத் தக்கவையே. ஆனால் அவை பள்ளியைத் தாண்டி வந்தவர்களை வரவேற்கின்றன. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் கால் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த வாசல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது.

அப்பாவை அழைத்து வரச் சொல்கிற வழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். பள்ளியே வீட்டுக்குப் போகலாம். இரவு ஏழு மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்திருக்கிற நேரத்தில், குற்றம் விசாரிக்கிறவராக இல்லாமல் ஊர் மனிதராகப் போய் உட்கார்ந்து பேசலாம். இதைத் தாமாகவே செய்துவருகிற ஆசிரியர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பெட்ரோல் செலவைத் தம் கையிலிருந்து போட்டுக்கொண்டு, நாய்க்கடிக்கும் குடிகாரனின் வசவுக்கும் பயப்படாமல் போய்வருகிற அவர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் ஒரு சிலரின் தயாளத்தை நம்பி இதை விட்டுவிடக் கூடாது. வீடு தேடிப் போகிற நேரம் ஆசிரியரின் வேலை நேரத்தில் சேர வேண்டும். அதற்குப் பயணப்படி வேண்டும். பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியை தனியே போகாமல் துணைக்கு ஆள் வேண்டும். போய்வந்தவர் அறிந்துகொண்டதைத் தலைமையாசிரியர் தம் அறையில் வைத்துப் பூட்டிவிடாமல், சாதிக் கொடுமையானால் காவல் துறைக்கும், கல்யாணப் பேச்சானால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும், முன்பணக் கடனானால் கோட்டாட்சியருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

சூளைக்கும் தோட்டத்துக்கும் குடும்பத்தோடு புறப்படுகிற பிள்ளைகளுக்கு இதைவிடவும் எளிய ஏற்பாடு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் பிள்ளைகளுக்கான விடுதிகளை மாநிலம் முழுவதும் அரசு நடத்துகிறது. கல்வி ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும் சேர்க்கையோடு கதவைச் சாத்திவிடாமல், மார்கழியிலும் தையிலும் மூட்டை கட்டுகிற குடும்பங்களின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்து, தகப்பனாரின் நேர்முகமும் வருமானச் சான்றும் இல்லாமல், வகுப்பாசிரியரின் ஒரு வரிக் கடிதத்தின் பேரில் அவர்களைப் பொதுத்தேர்வு முடியும்வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுதிக் காப்பாளர்களுக்கு ஓர் ஆணை பிறப்பிப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.